இருப்பு

இனாரி ஏரிக்கு வடக்கே, பதினேழாவது மாதிரித் திடல்.
கொசுவலைத் தொப்பிக்குள் எண்களை முணுமுணுக்கிறாள் ராய்லா.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் தைஸ்தோ,
இருபத்தாறு வருஷம் மரமறுக்கும் எந்திரம் ஓட்டியவர்.
ஒரு பைனுக்கு நாற்பது நொடி என்பார்,
பஸ் நேரம் சொல்வதுபோல.

நெஞ்சுயரத்தில் துளைக்கருவியைத் திருகுகிறாள்.
முதலில் முனகல்.
அப்புறம் வைரம்;
இருவரும் சேர்ந்து தொங்கினால்தான் கைப்பிடி அசைகிறது.
பென்சில் கனத்தில் உருவி வருகிறது ஒரு குச்சி.
மயிரிழை மயிரிழையாய் வளையங்கள்,
முந்நூற்று எண்பது வரை எண்ணி
கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள்.
நடுவே ஒரு கறுப்பு வடு,
யாரும் பெயர் வைக்காத ஒரு கோடையின் தீ.
அதன்மேல்தான் அடுத்த வளையம்
எதுவும் நடக்காததுபோல் வளைந்து போகிறது.

"இது முழுக்க மூச்சு" என்கிறாள்.
"யாரோடது?"
தெரியாது. கலைமான்கள் விட்டது,
குடிசை அடுப்புகள் விட்டது,
பனியில் சறுக்குவண்டி இழுத்து இளைத்தவன் விட்டது.
வாங்கிப் போட்டுக்கொண்டது மரம்.
ரசீது இல்லை.

பத்தடி தள்ளி ஒரு பட்டமரம்.
பட்டை கழன்று வெள்ளிபோல் நிற்கிறது.
கேலோ என்பார்கள் இங்கே.
செத்து இருநூறு வருஷமாவது இருக்கும்,
விழ மறந்துவிட்டது.
அதன் கன அடி விலை தைஸ்தோவுக்கு அத்துப்படி;
அவர் சௌனாவின் நான்கு சுவரும் அதுதான்.
"செத்ததை எதுக்குக் கணக்கெடுக்கணும்?"
நாடாவைச் சுருட்டத் தொடங்குகிறார்.
"நிக்குதே" என்கிறாள் ராய்லா.
"நிக்கிற வரைக்கும் இருப்புலதான் வரும்."

பாசியை விலக்கி மண்ணைத் தோண்டுகிறார்கள்.
கறுப்பு, சாம்பல் நிறம், பிறகு துரு.
மேலே நிற்பதைவிட
கீழே கிடப்பது அதிகம் என்கிறாள்,
பையில் அள்ளி, முடிந்து, எண் எழுதியபடி.
அவர் பதில் சொல்லவில்லை.
எந்திரத்தின் எட்டுச் சக்கரமும்
எவ்வளவு ஆழம் இறங்கும் என்று
அவருக்குத்தானே தெரியும்.

கிளம்பும்போது துளையைக் காட்டிக் கேட்கிறார்:
"எதால அடைக்கிறது?"
"அதுவே அடைச்சுக்கும்."
அவள் முன்னால் போய்விட்டாள்.
அவர் கொஞ்ச நேரம்
கட்டைவிரலால் பொத்திக்கொண்டு நிற்கிறார்,
குழாய் ஒழுகுவதைப் பொத்துகிறவர்போல.

காரில் படிவத்தை நீட்டினாள், கையெழுத்துக்கு.
பிசின் விரலோடு வந்துவிட்டது தாள்.
உதறினார். வரவில்லை.
இன்னொரு தரம் உதறினார்.