கண்ணாடி உமி

தொடை எலும்பைப் பிளந்து
பத்து கிராம் மஜ்ஜை எடுத்தேன்.
எங்கள் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது.
அருகில் மூச்சுவிட்டால் எண் அலையும்.

ரெட்டோ கடுஃப், நாற்பத்தேழு வயது,
லிஃப்ட் மெக்கானிக்.
பிர்ஸ்ஃபெல்டன் அணையில் குப்பை தடுக்கும் கம்பிகளில்
அக்டோபர் இலைகளோடு வந்து சேர்ந்தார்.
பின்மண்டையில் ஓர் அடி.
கல்லா, படகின் விளிம்பா, கையா,
காயம் சொல்லவில்லை.

படகில் கூட இருந்த கூட்டாளி சொல்கிறான்:
சறுக்கினார், விழுந்தார், கத்தினார்.
அவன் இப்போது விசாரணைக் காவலில்.
அரசு வழக்கறிஞர் பியூர்கினுக்கு
ஒரே ஒரு கேள்வி,
தொலைபேசியில் மூன்று முறை:
நீருக்குள் போகும்போது இதயம் துடித்ததா?

துடித்திருந்தால்
ரைன் உள்ளே போயிருக்கும்.
நுரையீரலின் மெல்லிய சுவரைக் கீறி
இரத்தத்தில் ஏறி
கடைசிச் சில துடிப்புகளின் தோளில்
எலும்புவரை பயணித்திருக்கும்.
செத்தவன் வாய்க்குள்ளும் நீர் நுழையும்.
அங்கிருந்து அதைச் சுமந்துபோக ஆள் இருக்காது.

நைட்ரிக் அமிலத்தில் மஜ்ஜை கொதிக்கிறது.
கொழுப்பும் இரத்தமும்
நாற்பத்தேழு வருடத்து ரொட்டியும்
பழுப்புப் புகையாகிக் குழாயில் ஏறுகின்றன.
அமிலம் தின்ன முடியாதது மட்டும்
அடியில் தங்குகிறது.
டயாட்டம்:
கண்ணுக்குத் தெரியாத பாசி,
நெல்லைப்போல உமி கட்டி வாழ்வது.
இதன் உமி கண்ணாடி.

நுண்ணோக்கியில் குனிந்தேன்.
தோணிபோல் ஆறு.
சீப்புபோல் மூன்று, ஒன்றின் பல் உடைந்திருந்தது.
பொத்தான்போல் இரண்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எனக்குச் சம்பளம்
ஆறு போட்டதை அளப்பதற்கு.

பதினொன்று.
பியூர்கின் இத்தோடு கோப்பை மூடிவிடுவார்.

ஆனால் மூன்று வருடமாக என் ஆராய்ச்சி
மூழ்காதவர்களைப் பற்றியது.
ஹெட்விக் நேஃப், கணக்காளர்,
நாற்காலியில் உட்கார்ந்தபடி மாரடைப்பில் போனவர்.
“தண்ணீர் என்றால் பயம், குளத்தில்கூட இறங்கமாட்டார்”
என்று சம்மதப் படிவத்தின் ஓரத்தில்
கணவர் கிறுக்கியிருந்தார்,
அதற்கென்று கட்டம் இல்லாததால்.
ஹெட்விக்கின் எலும்பில் நான்கு.
ட்ராம் ஓட்டியபடியே சரிந்தவரிடம் இரண்டு.
பூப்பறிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த மாணவனிடம்
ஏழு.

எப்படி வந்தன?
கீரையிலா, குழாய்நீரிலா,
ஈரக்காற்றிலா,
இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது.
ஜூலை மாலைகளில்
வேலை முடிந்ததும் உடுப்பைக் கழற்றி
மீன் வடிவப் பைக்குள் சுருட்டிக் கட்டி
ஆற்றோடு மிதந்தே வீடு போகிற பாசல் நகரத்தில்
யாருடைய எலும்பை
வறண்ட எலும்பென்று எடுத்து வைப்பேன்?
நானும் மிதந்திருக்கிறேன். விழுங்கியும் இருக்கிறேன்.

பதினொன்று, ஏழைவிடப் பெரிது.
எவ்வளவு பெரிதாக இருந்தால்
ஒருவனை வீட்டுக்கு அனுப்பலாம்?

துறைத்தலைவி ரெகுலா
என் வரைவில் ஒரு சொல்லை அடித்து
வேறொன்று எழுதினாள்:
“நீரில் மூழ்கியதோடு முரண்படவில்லை.”
ஆற்றில் ஒரு கால்,
சேற்றில் ஒரு காலாய் நிற்கிற வாக்கியம்.
அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் கேட்பாள்,
ஆமாவா இல்லையா, ஒன்றைச் சொல்லேன்.
அம்மா, அதுதான் உண்மை. அவ்வளவு அகலம்தான்
இப்போதைக்கு.

கையெழுத்திடும் முன்
வெற்று மாதிரியைப் பார்க்க வேண்டும்.
எலும்பே சேர்க்காத குடுவை,
அதே அமிலம், அதே காய்ச்சி வடித்த நீர்.
அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

மாலை ஆறரை.
வெளியே மோட்டார் இல்லாத படகு
கம்பியைப் பிடித்துக்கொண்டு
நீரோட்டத்தாலேயே நீரைக் கடக்கிறது.
லென்ஸைத் திருகினேன்.

வெளிச்சத்தின் நடுவே
ஒரே ஒரு தோணி.

கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன்.
குடுவைகளை எல்லாம் கொட்டினேன்.
கூண்டைத் திறந்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மறுபடி
பத்து கிராம்.