கண்டாற்போல்

உச்சி வானம்தான் இந்தக் குழலுக்கு ஆகாத இடம்.
நேராக மேலே நிமிர்த்திவிட்டால்
இடம் வலம் என்பதே இல்லாமல் போகிறது.
தள்ளினால் செக்கு மாதிரி சுற்றுகிறது,
போக வேண்டிய பக்கம் போவதில்லை.
எனக்கு வேண்டியதோ
இன்று உச்சியில்தான் இருக்கிறது.

ஹோர்தோபாஜ் புல்வெளி. அக்டோபர். இரவு பதினொன்றரை.
மூன்று கார், நாலு பேர், ஒரே ஒரு ஃபிளாஸ்க்.
நெற்றியில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு
சுரங்கத்தில் வழி தவறியவர்கள் போல நிற்கிறோம்.

லோரின்ட்ஸ் பல் மருத்துவர்.
அவர் கருவி தானாகவே தேடிக்கொள்ளும்,
எண்ணைத் தட்டினால் முனகியபடி திரும்பும்.
குனிவதற்கு முன்பே "தெரியுது" என்பார்.
போரோகா நேர் எதிர்.
சனியை வளையத்தோடு காட்டினாலும்
"இருக்கலாம்" என்பாள்.
அவள் தம்பி பின் சீட்டில்
பைனாகுலரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான்.

நான் டெப்ரெட்சனில் டிராம் ஓட்டுகிறவள்.
பத்து அங்குலக் கண்ணாடி,
இன்னும் ஏழு தவணை பாக்கி.
அடிப்பலகை கிறீச்சிட்டதால்
ஷாம்பு புட்டியை மூன்று துண்டாய் வெட்டி வைத்து
மேசை மெழுகு தடவினேன்.
இப்போது கிறீச்சிடுவதில்லை.
வழுக்குகிறது.

தேடுவது ஒரு கேலக்ஸி,
விளிம்பை மட்டும் நமக்குக் காட்டி நிற்பது.
படத்தில் நகத்தால் கீறிய கோடு மாதிரி இருக்கும்.
கிளம்பி மூன்று கோடி வருஷமாம் அந்த ஒளி.
அவ்வளவு தூரம் வந்து
கடைசி ஒரு சாணில்
என் சின்னக் கண்ணாடியில் படிந்த பனியில் சிக்கிக்கொண்டது.

காரின் சிகரெட் லைட்டரில் செருகி
ஹேர் டிரையரால் ஊதினேன்.
பனி விலகியது. மறுபடி படிந்தது.
மறுபடி ஊதினேன்.
மூன்றாம் தடவை ஊதும்போது
டிரையர் இருமியது, காரும் செத்தது.

அந்த இடைவெளியில்,
பனி விலகி மறுபடி படிவதற்குள்,
முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்து,
நேரே பார்த்தால் ஓடிவிடும் என்று
பக்கத்து நட்சத்திரத்தைப் பார்க்கிற பாவனையில்,
யாருக்கும் தெரியாமல் ஒருவரைப் பார்ப்போமே அதுபோல
பார்த்தேன்.

சாம்பல் கீற்று.
இருட்டைவிட ஒரு நூல் வெளிர்ந்த இருட்டு.
குழலை லேசாகத் தட்டினேன். ஆடியது.
அது ஆடியதா, நான் ஆடினேனா?

மேலே கொக்குகள் போயின,
மீன் பண்ணைப் பக்கம்.
சத்தம் மட்டும். ஒரு சிறகுகூட
ஒரு நட்சத்திரத்தையும் மறைக்கவில்லை.
அவை போனதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதிவிட்டேன்.

ஆனால் இது?
பதிவேட்டில் கண்டேன் என்பதற்கு ஒரு கட்டம்,
காணவில்லை என்பதற்கு ஒரு கட்டம்.
கண்டாற்போல் இருந்தது என்பதற்குக்
கட்டமே போடவில்லை யாரும்.
லோரின்ட்ஸ் எட்டிப் பார்த்து "தெரியுது" என்றார்,
மூடியைக்கூட அப்போதுதான் திறந்திருந்தேன் என்றாலும் அதையே சொல்லியிருப்பார்.
போரோகா வெகுநேரம் குனிந்திருந்தாள்.
எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.
"இருக்கலாம்" என்றுகூட.

பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இரண்டு மணிக்கு லோரின்ட்ஸின் காரிலிருந்து ஒயர் இழுத்து
என் காரை எழுப்பினோம்.
முகப்பு விளக்கு பளீரென்று எரிய,
நாலு பேருடைய இருட்டும் ஒரே நொடியில் பாழ்.
பின் சீட்டிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை.

திங்கட்கிழமை காலை மூடுபனி.
ரயில் நிலையத்துக்கு முந்தைய வளைவில் சிக்னல்
இருக்க வேண்டிய இடத்தில்
ஏதோ ஒன்று வெளிர்ந்து நிற்கிறது.
பச்சையா?
பச்சை என்று நினைத்ததால் பச்சையா?
ஓரக்கண்ணால் பார்க்கிற வேலை இல்லை இது.
பிரேக் போட்டேன்.

முதுகுக்குப் பின்னால் எண்பது பேர் முன்சாய்ந்து
நிமிர்ந்தார்கள்.
"என்னம்மா ஆச்சு?" என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

பச்சைதான்.
அவ்வளவு நேரமும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.