அடிக்கட்டையின் விலை

மிச்சிகன் ஏரிக்கரை.
பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏரி தெரிய வேண்டுமாம்;
ஃப்ளோரிஸ் ஊரில் இல்லாத வாரம் பார்த்து
அறுத்துப் போட்டுவிட்டார்.

மதிப்பீட்டாளர் மரைக்கே மண்டியிட்டு
அடிக்கட்டையின் குறுக்கே நாடாவை இழுக்கிறாள்.
முப்பத்தோரு அங்குலம்.
இனம் பீச், நல்ல விலை.
நின்ற இடம், அதற்கும் கூடும்.
நடுவில் பொந்து.
பென்சில் கொஞ்சம் தயங்கி
நாற்பது விழுக்காடு கழிக்கிறது.

"அதில்தானே ஆந்தை இருந்தது."

படிவத்தில் ஆந்தைக்குக் கட்டமில்லை.

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
கையெழுத்துக்கு உள்ளே போகிறார்கள்.
சமையலறை மேசைமேல்
இந்த வீடு அறியாத மூன்று மணி வெயில்.
காகிதத்தைப் பார்க்கக் கண் கூசுகிறது.

ஃப்ளோரிஸ் எழுந்துபோய்
திரையே தேவைப்படாதிருந்த சன்னலில்
ஒரு போர்வையை மாட்டுகிறார்.

"இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
போர்வை, ஒன்று."