விரலுக்குக் கட்டமில்லை

ரெம்மெல்ட்டின் நெற்றியில் பட்டை கட்டி
அதில் சின்ன லேசரைச் செருகுகிறேன்.
எதிர்ச் சுவரில் வட்டத்தாள், நடுவில் பூஜ்ஜியம்.
“நேராகப் பாருங்கள்.”
“நேராகத்தான் பார்க்கிறேன்.”
சிவப்புப் புள்ளி தாளை விட்டுத் தள்ளி
தீயணைப்பான் மேல் நடுங்குகிறது.

முப்பத்தொன்று, இடப்பக்கம்.
சாய்வு பதினான்கு.
ஊசி போட்டுப் பதினோரு வாரம்,
வீரியம் வடிந்துவிட்டது.

குரோனிங்கன் வாய்க்காலில்
பாலம் தூக்குவது அவர் வேலை.
படகு வலப்பக்கம் வரும்,
முகம் இடப்பக்கம் போகும்.
சைக்கிள் கண்ணாடி ஒன்றை வாங்கி
கூண்டின் இடச்சட்டத்தில் முடுக்கியிருக்கிறார்.
படகுக்காரர் எவரோ எழுதிய புகார்
மடித்தபடி அவர் சட்டைப்பையில்:
‘முகம் கொடுத்துப் பேசுவதில்லை.’
காட்டிச் சிரித்தார்,
சிரிப்பும் தீயணைப்பானிடம்தான்.

“கண்ணை மூடுங்கள். தலை நடுவுக்கு
வந்ததாகத் தோன்றினால் சொல்லுங்கள்.”
வெப்பக்குழாய் டிக் டிக்கென்றது.
புள்ளி தயங்கித் தயங்கி
சன்னல் விளிம்பில் நின்றது.
“இப்போது.”
அந்தக் குரலில் இருந்த உறுதிக்கு
ஒரு கணம்
வட்டத்தாள்தான் கோணலோ என்று பார்த்தேன்.

பிறகு, நான் கேளாமலே,
சுட்டுவிரலைத் தாடையில் வைத்தார்.
அழுத்தவில்லை.
உதட்டோரம் ஒட்டிய ரொட்டித்துகளைத்
தொடுகிற மாதிரி, அவ்வளவே.
புள்ளி சுவரோடு ஊர்ந்து திரும்பி
ஒன்பதில் நின்றது.
முப்பத்தொன்றை ஒன்பதாக்கிய விரலின்
நகக்கண்ணில் கிரீஸ்.

படிவத்தில் விரலுக்குக் கட்டமில்லை.
விதி: கைகள் மடியில்.
சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன்.
புள்ளி வந்த வழியே போயிற்று.

“எவ்வளவு?”
“முப்பத்தொன்று. போன தடவை இருபத்தெட்டு.”
“பாலம் முழுக்கத் திறக்க எண்பத்திரண்டு பாகை வேணும்.
இதுல ஒரு தோணிகூடப் போகாது, போங்க.”

அவர் போனபின் ஓரத்தில் பென்சிலால்
‘விரல் – 9’ என்று எழுதிவைத்தேன்.
எந்தக் கூட்டலிலும் சேராது.

மாலை மழைத்தூறலில்
சைக்கிள்கள் நடுவே காத்து நிற்கிறேன்.
மணி அடித்து, சாலை எழுந்து நிற்கிறது.
கூண்டுக்குள் அவர் கைகள் இரண்டும் விசையில்,
விரலுக்கு ஓய்வில்லை.
முகம் அப்படியே என்னைப் பார்த்து.
கையசைத்தேன்.
அவர் அசைக்கவில்லை.
எனக்கும் அவருக்கும் நடுவே
அந்தச் சின்னக் கண்ணாடியில்
மணல் ஏற்றிய படகு ஒன்றை
அங்குலம் அங்குலமாகக் கடத்திக்கொண்டிருந்தார்.