சம்பவ இடம்

"எங்கே போச்சு?" என்றார் ரைட்டர்.
"லேடீஸ் சீட்டுல, சார்."
"எவ்வளவு?"
"நாற்பதாயிரம்."
பேனாவைக் கீழே வைத்தார்.
"அவ்வளவு பணத்தைத் தூக்கிக்கிட்டா
சூரியன் மறையிறதைப் பார்க்கப் போனீங்க?
கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்தா
குரங்குக்குத்தான்."

இல்லைங்க சார், இது வேற.
ஏற்காட்டு ரோட்டில் வளைவு எத்தனையோ
அத்தனை பேர் எங்கள் சீட்டில்.
லாட்ஜில் போர்வை துவைக்கிற நாங்கள் ஆறு பேர்,
மீதி எஸ்டேட்டில் மிளகு ஆய்கிறவர்கள்.
ஆண்களைச் சேர்க்கவில்லை,
அதனால் அந்தப் பெயர்.
இருபதாவது மாதம் என் முறை.
வசூலித்த பிலோமினா அக்கா
வெள்ளிக்கிழமை முதல் வண்டியில் இறங்கிவிட்டாள்.
பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"எங்கே பார்த்தாங்க?"
"லேடீஸ் சீட்டுல, சார்.
டிரைவருக்குப் பின்னால் மூணாவது, ஜன்னல் ஓரம்."

ரைட்டர் மதலைமுத்து
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

பிறகு எழுதினார்:
சம்பவ இடம், லேடீஸ் சீட்.
"ஒரு 'டு' விட்டுப்போச்சு சார்."
"கோர்ட்டில் ரெண்டும் ஒண்ணுதாம்மா. கையெழுத்துப் போடு."

போட்டேன்.

பதினோரு வருஷம் இந்த ஊர்ப் போர்வைகளைத் துவைத்தும்
நான் அங்கே போனதில்லை. அன்றைக்குப் போனேன்.
யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி
சாயங்காலமானால் வந்து உட்காருவாளாம்.
அவள் பெயர் சோளம் சுடுகிறவருக்கும் தெரியவில்லை.
உட்கார்ந்ததுதான் ஊருக்குப் பெயராக நின்றிருக்கிறது.
எழுந்து போனதற்கு
எங்கேயாவது பெயர் வைத்திருக்கிறார்களா?

ஒரு ஜோடி, போட்டோவில் நான் விழுகிறேன் என்று
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது.
தள்ளிய இடத்தில் டெலஸ்கோப்.
பத்து ரூபாய்.
"அது ஸ்டீல் பிளான்ட். மேகம் இல்லைன்னா
மேட்டூர் டேமே தெரியும்" என்றான் பையன்,
மனப்பாடமாக.

"புது பஸ் ஸ்டாண்டைக் காட்டு."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான்.
குழாயைக் கீழே திருப்பினான்.
தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டிகள்;
ஒவ்வொன்றிலும் முன்வரிசையில்
யாரோ ஒருத்தி இடம் பிடித்திருப்பாள்.

"எந்த ஊர் வண்டிக்கா பார்க்கணும்?" என்றான்.