அரை மூச்சு

காலை எட்டரைக்கு டியூட்டி முடிந்து
தல்லாகுளத்திலிருந்து வண்டியில் வந்து
குளிக்காமல் உட்கார்ந்தேன்.
புதிய பதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது.
பதினோரு ஜிபி. அறுபத்திரண்டு சதவீதத்தில்
நின்று, யோசித்து, மறுபடி ஊர்ந்தது
கோரிப்பாளையத்து டவுன் பஸ் மாதிரி.

இருநூற்றுப் பதினான்கு முறை
அவளிடம் செத்திருக்கிறேன்.
சாம்பல்கோட்டை உச்சியில், உடைந்த மணிக்குக் கீழே
நிற்கிறவள். எலும்புத்தாய்.
மூன்று கைகள். மூன்றாவதை
பாதி உயிர் போன பிறகுதான் காட்டுவாள்.

வலது தோள் தாழ்ந்தால் இடப்பக்கம் உருள வேண்டும்.
பின்வாங்கக் கூடாது; அவள் நெருப்பு
பின்வாங்குகிறவர்களைத்தான் தேடும்.
மருந்துப் புட்டியை
அவள் இருமும்போது மட்டும் திறக்கலாம்.
இரண்டு வெட்டு. இரண்டோடு விலகிவிட வேண்டும்.
ஆசைப்பட்ட மூன்றாவது வெட்டில்தான்
நூறு தடவையாவது செத்தேன்.

துவாரகநாத் வேறு கட்சி.
பகலில் மருந்துக் கம்பெனி பையோடு அலைவான்,
இரவில் காமராசர் சாலை மாடியறையில்
கனத்த கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்து
நீள ஈட்டியால் குத்துவான், குத்துவான்,
அரிசி மூட்டையில் மாதிரி எடுப்பதுபோல.
"இதுக்குப் பேரு சண்டையாடா?"
"உசுரோட இருக்கேன்ல."

நான் உறைபனிக் கத்திக்காரி.
எடை கூடினால் உருளல் மந்தமாகும் என்று
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றிவிட்டேன்.
மாட்டுத்தாவணி சிக்னலாக இருந்தால்
ஃபைன் எழுதியிருப்பார்கள்.

இறங்கி முடிந்தது. மாற்றங்களின் பட்டியலில்
உறைபனிக் கத்தியின் சேதம்
நூற்றுக்குப் பதினைந்து குறைப்பு.
கேடயத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.
அடியில், மன்னிப்புக் கேட்கிற குரலில்:
எலும்புத்தாயின் முதல் வீச்சு
இனி அரை மூச்சு தாமதமாக வரும்.

போன மார்ச்சில் எங்கள் லேபுக்கு
புது கிட் வந்தது, கூடவே ஒரு தாள்.
இயல்பின் மேல்கோட்டைக் கீழே இறக்கியிருந்தார்கள்.
திங்கட்கிழமை நன்றாக இருந்த ஒத்தக்கடைக்காரர்
வியாழக்கிழமை தடித்த எழுத்தில் வந்தார்.
எண் அதேதான்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"மூணு நாள்ல நான் என்னம்மா செஞ்சேன்?" என்றார்.
நான் மெஷினைக் காட்டினேன்.

மணி. சாம்பல். தோள் தாழ்ந்தது.
உருண்டேன்.
வாள் வரவில்லை.
நான் எழுந்து நின்ற இடத்துக்கு
சாவகாசமாக வந்தது.

இருநூற்றுப் பதினைந்து.

என் கட்டைவிரலுக்குப்
பழையவளைத்தான் தெரியும்.
இவள் நோய் தீர்ந்து எழுந்தவள்போல
கையைத் தூக்கி, நம்மைப் பார்த்து,
அப்புறம்தான் இறக்குகிறாள்.
பதினாறு, பதினேழு, பதினெட்டு:
எல்லாம் அவசரச் சாவு.

பத்தேகாலுக்குத் துவாரகநாத் கூப்பிட்டான்.
"முடிச்சுட்டேன் பிலோமி. போன ஒடனே."
குரலில் சந்தோஷம் இருந்தது, கூடவே
பில்லில் கடைக்காரர் ஒரு அயிட்டத்தை
விட்டுவிட்டதைப் பார்த்தவனின் தயக்கமும்.
"பழைய பதிப்புல நீ தொண்ணூறு வரைக்கும்
கொண்டுபோனல்ல, அதுதான் பெருசு" என்றான்.
தூக்கம் வருதுடா என்று வைத்துவிட்டேன்.

வரவில்லை.

வீட்டு ஓனர் மோட்டார் போட்டார்.
ஃபேன் ஒரு நொடி தளர்ந்து
மறுபடி வேகம் பிடித்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்
இந்தக் கத்திக்கு இரண்டு வெட்டு இனி போதாது.
மூன்றாவதும் வேண்டும்.
அதற்கு இடம், அந்த அரை மூச்சுக்குள் இருக்கிறது.
தோள் தாழும்போது ஓடாமல்
வாள் முனைக்குக் கீழே
வெறுமனே நிற்க வேண்டும்.
இத்தனை நாள் எதைச் செய்யக் கூடாது என்று
செத்துச் செத்துப் படித்தேனோ, அது.

இருநூற்று முப்பத்தொன்றில்
மூன்று வெட்டு விழுந்தது.
அடுத்த தோளுக்கு மறுபடி மூன்று.
அவள் உயிர் பாதிக்குக் கீழே போனது.
முதுகுப்புறத்திலிருந்து மூன்றாவது கை எழுகிறது.

பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
பழைய வேகமா, புதுசா?

தாழ்கிறது.
நிற்கிறேன்.