சலவைச் சீட்டு எண் 418

கட்டணம் இல்லை என்று
பேருந்தின் முதுகில் எழுதியிருக்கிறார்கள்,
ஆளுயர எழுத்தில்.
இந்த மாநிலத்தார்க்கு மட்டும் என்பது
சக்கரத்துக்குப் பக்கத்தில், சேறு படும் இடத்தில்.
அந்தச் சேற்றைத் துடைத்துப் படித்துக்காட்டுவதுதான்
என் வேலை. பத்தொன்பது வருடமாக.
அறை எண் பதினொன்று, வசிப்பிடப் பிரிவு.

லெவீனா ஷ்ராக் வந்தது நவம்பர் முதல் திங்கள்.
கையில் பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டி.
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
அவள் மேல் ஒரு பருத்திச் சட்டை,
அதையும் முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம்
இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும், என்றேன்.

பெட்டியைக் கவிழ்த்தாள்.
மே பதினெட்டு, டெக்சாஸ், டீசல்.
ஓக்லஹோமா, பல்வலி மாத்திரை.
கான்சாஸ், ஐஸ்கட்டி ஆறு மூட்டை.
நெப்ராஸ்கா, டயர்.
நெப்ராஸ்கா, மறுபடியும் டயர்.
தெற்கு டகோட்டாவில் ஒன்பது நாள் மழை,
ரசீதெல்லாம் சீட்டுக்கட்டும் காப்பியும்.
மொன்டானா, ஆகஸ்ட் கடைசி, ஒரு கேக்;
பதினெட்டு மெழுகுவர்த்திக்குத் தனி விலை.

கோதுமை தெற்கே முதலில் பழுக்கிறது.
அந்தப் பழுப்பு மெல்ல மெல்ல
வடக்கே நடந்து போகிறது.
அதன் பின்னால் அவள் அப்பா டெல்பர்ட்டின்
மூன்று அறுவடை இயந்திரங்கள்.
அவற்றின் பின்னால் சமையல் வண்டி.
அதை ஓட்டுவது இவள்.

ஊர் என்பது பெயர்ச்சொல் என்று
நினைத்துக்கொண்டிருக்கிறது என் சட்டம்.
இவளுக்கு அது வினைச்சொல்.

நூற்று அறுபத்தொரு நாள் வெளியே.
கால்குலேட்டர் இரண்டு தடவையும் அதையே சொன்னது.

இதையெல்லாம் நீ கொண்டுவராமலே இருந்திருக்கலாமே,
என்று நான் சொல்லவில்லை.
முகம் சொல்லியிருக்க வேண்டும்.
"எங்கே இருந்தேன்னு கேட்டீங்க," என்றாள்.

பிரிவு ஏழு, துணைப்பிரிவு ஈ:
திரும்பும் எண்ணத்தோடு போனவர்
போனவராகக் கருதப்படார்.
இதை எழுதியவர் யாரோ,
ஒருமுறையாவது ரயிலடியில் காத்து நின்றிருப்பார்.
ஆனால் எண்ணத்துக்கு ரசீது யார் தருவார்?

குளிர்காலத்தில் எங்கே தங்குவாய்?
சித்தப்பாவின் நிலத்தில், டிரெய்லரில்.
வாடகை ஒப்பந்தம்? சித்தப்பாவிடமா?
மின்கட்டணம்? அவர் பெயரில்.
வாக்காளர் பட்டியல்?
வயது வந்த அன்று நான் மொன்டானாவில்,
எண்ணெய்ச் சட்டி முன்னால்.

பைகளைத் துழாவினாள்.
சட்டைப் பையில் பேனா. பின்பையில் ஒரு போல்ட்.
அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது
நான்காய் மடித்த ரோஸ் காகிதம்.
ஹைட்பிரிங்க் சலவையகம், மெயின் தெரு,
மே பதினாறு, எண் 418.
*கம்பளிக் கோட்டு, பெண், ஒன்று.
இடது பை கிழிசல், தைக்கவும்.
அறுப்பு முடிந்து வந்து எடுத்துக்கொள்வார்.*

அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் வாடகைச் சீட்டு நூறு பார்த்தவள் நான்.
மாநிலம் மாறியும் பழைய எண்பலகையைக்
கழற்றாத கார்கள் பார்த்திருக்கிறேன்.
இந்தக் குளிருக்குப் பிறந்தவர் எவரும்
திரும்பாத ஊரில்
கோட்டை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

நகல் எடுத்தேன். ஓரத்தில் எழுதினேன்: 7-ஈ.
வியாழக்கிழமை குழு கூடும்.
ஐந்து பேர். இரண்டு பேர் சிரிப்பார்கள்.
மற்ற மூவரில் ஒருவர் தூங்கிவிடுவார்.
உறுதி எதுவும் சொல்ல எனக்கு அதிகாரமில்லை,
என்றேன்; அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகாரம்.

"அசல் எனக்கு வேணும்," என்றாள்.
"கோட்டு இன்னும் அங்கேதான் இருக்கு.
அஞ்சரைக்குக் கடையைச் சாத்திடுவாங்க."

மணி ஐந்து பத்து. ஓடினாள்,
பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

மேசைமேல் கொஞ்சம் கோதுமை உமி.
எந்த மாநிலத்து உமி என்று தெரியவில்லை.